பூனைக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்



ஆண்டு விழா மலர் என்றால் அதிலே தமிழ்மொழியின் தொன்மை பற்றியும் நம் பண்பாட்டின் சிறப்புப் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதவல்ல அறிஞர்கள் நம்மிடையே பலர் உளர். தாயகத்திலே கணித ஆசிரியனாகப் பணியாற்றி, ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்து, வார இறுதியில் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பேறு பெற்ற நான், இம்முறை ஒரு கணக்கைப் பற்றி எழுத விழைகின்றேன். ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் தொடக்கம் அது கண்மூடும் நாள் வரை அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே அக்கணக்கு. பொருள் சிறியது போலத் தோன்றலாம். ஆயினும், மல்வேர்னில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே தீர்ப்பின்றி நீண்டுகொண்டிருக்கும் வழக்கு இதுவென்பதை நான் வகுப்பறையில் இருந்து அறிவேன்.

சென்ற தவணையில் ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குக் கடிதம் எழுதுதல் பாடமாக அமைந்தது. பெற்றோரிடம் ஒன்றை வேண்டி ஒரு பக்கக் கடிதம் எழுதுமாறு பணித்தேன். மிதிவண்டி கேட்டவர் இருவர். கைத்தொலைபேசி கேட்டவர் பலர். பூனை கேட்டவர் ஐவர். அவர்களுள் ஒரு மாணவி, "அம்மா, பூனைக்குக் காசு கனக்க முடியாது. இதை மட்டும் வாங்கித் தந்தால் இனி ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாள். ணகர, னகர வேறுபாடு பிசகாத நல்ல கடிதம். ஆனால், "காசு கனக்க முடியாது" என்ற வாக்கியத்துக்கு ஆதாரம் எதுவும் அக்கடிதத்தில் இல்லை. ஆகவே, அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கொரு விலையை விசாரித்து வருமாறு வகுப்பு முழுவதற்கும் சொல்லி அனுப்பினேன். பிள்ளைகள் கடைத் தட்டுகளில் விலை பார்த்தும், பூனை வளர்க்கும் அயலவரைக் கேட்டும், மிருக வைத்தியசாலைகளுக்குப் பெற்றோரைக் கொண்டு தொலைபேசியில் பேசுவித்தும் எண்களைத் திரட்டி வந்தார்கள். கீழே வருபவை அவ்வாறு திரட்டி, முழு எண்களாக்கி, நாங்கள் கரும்பலகையில் எழுதிய தொகைகள். கடைக்குக் கடை, வைத்தியருக்கு வைத்தியர் இவை வேறுபடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்களோடு சேர்த்து வீடுகளிலிருந்து ஒரு கேள்வியும் வந்தது. "ஊரில பூனைக்கு ஆர் காசு செலவழிச்சது?" என்று பல தந்தையர் கேட்டனராம்.

ஊர்ப் பூனையும் இவ்வூர்ப் பூனையும்

அக்கேள்வி நியாயமானது. வலிகாமத்தில் எங்கள் வீட்டில் பூனை இல்லாத காலம் இருந்ததாக நினைவில்லை. அதற்காக ஒரு ரூபாயேனும் செலவிட்டதாகவும் நினைவில்லை. அம்மா மீன் வெட்டும்போது தலையும் செதிலும் அதற்கு உரியவை. மிஞ்சிய சோறு இருந்தால் அதுவும் சேரும். கழிவுக்கு வளவு முழுவதும் மணல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூனைக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. நெல் மூடைகளை எலிகளிடமிருந்து காப்பது அதன் பணி. மனிதனும் பூனையும் சேர்ந்து வாழத் தொடங்கியதே இவ்வாறுதான் என ஆய்வாளர் கருதுவர். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கு அருகிலே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்ட செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியானது. நம் தொல்காப்பிய மரபியலும் காட்டுப்பூனையாகிய வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று வகுக்கிறது. இன்றும் நாம் பூனைக்குட்டி என்றே சொல்கிறோம்.

ஆயினும், செலவில்லாத அந்த வாழ்வு நீண்ட வாழ்வாக இருக்கவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் பிறந்தால் ஒன்றோ இரண்டோதான் வளர்ந்து நிற்கும். நோய் வந்தால் மூலையிற் சென்று படுக்கும். இரண்டு நாள் காணாவிட்டால் நாம் தேடுவோம். பிறகு வேறொரு பூனை மதிலேறி வரும். வைத்தியம் என்ற சொல்லையே அதனோடு சேர்த்து எவரும் நினைத்ததில்லை.

இங்கே நிலைமை வேறு. இவ்வூரில் பூனைக்கு உத்தியோகம் இல்லை. தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் நெல்லும் இல்லை. வெளியே விடலாமா என்றால், தை மாதக் குளிர் ஒருபுறம், நீல்சன் வீதியின் வாகனங்கள் மறுபுறம், ரூஜ் பள்ளத்தாக்கிலிருந்து இரவில் உலாவரும் கயோட்டி என்னும் ஓநாயினம் இன்னொரு புறம். எனவே பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்க்கின்றோம். வீட்டுக்குள் அடைத்த கணமே, இயற்கை இலவசமாகக் கொடுத்த ஒவ்வொன்றையும் நாம் விலைக்கு வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களாகிறோம். மணலைக்கூடப் பையில் வாங்குகின்றோம். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தைச் சேர்ந்த எட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் பருக்கைகளைப் பூனைக்கெனப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கினார். குளிர்நாட்டு வீடுகளில் பூனை ஆண்டு முழுவதும் உள்ளேயே வாழ வழிசெய்தது அந்த மண்தான்.

உணவும் அவ்வாறே. நம் வீட்டு மிச்சக் கறிச்சோற்றைப் போடலாமே என்று பலர் கேட்டார்கள். போடலாகாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நம் சமையலில் அவை இல்லாத கறி ஏது? மேலும், பூனை முற்றிலும் ஊனுண்ணும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்னும் பொருள் போதியளவு கிடையாவிட்டால் அதன் கண்பார்வையும் இருதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால்கூடச் செரிப்பதில்லை. ஆகவே பூனைக்கென்றே செய்த உணவை வாங்க வேண்டும். மனிதர் உண்ணும் அரிசிக்கும் பாலுக்கும் இம்மாகாணத்தில் விற்பனை வரி இல்லை. பூனை உணவுக்கோ 13 வீத வரி உண்டு. வைத்தியரின் கட்டணத்துக்கும் அவ்வரி உண்டு. நாம் நோயுற்றால் மாகாண சுகாதார அட்டையை நீட்டுகின்றோம்; பூனைக்கு அத்தகைய அட்டை கிடையாது.

கரும்பலகையில் எழுதிய கணக்கு

செலவுகளை மூன்று பிரிவாக வகுத்தோம். வரியும் இவற்றுள் அடங்கும்.

முதலாவது, வரவேற்புச் செலவு. நெடுஞ்சாலை 401க்குச் சற்றுத் தெற்கே, புறோகிறஸ் அவெனியூ 821ஆம் இலக்கத்தில் ரொறன்ரோ மாநகரின் மிருகக் காப்பகம் ஒன்று இருக்கின்றது. மல்வேர்ன் வாசிகளுக்கு அதுவே அண்மையானது. நகரின் மையப் பகுதியில் ரொறன்ரோ மனிதநேயச் சங்கத்தின் காப்பகம் இருக்கின்றது. 1887ஆம் ஆண்டில் அச்சங்கத்தை நிறுவ முன்னின்றவர் ஜே. ஜே. கெல்சோ என்னும் இளம் பத்திரிகையாளர். வீதியில் வதைபடும் குதிரைகளையும் ஆதரவற்ற சிறுவர்களையும் ஒருங்கே காப்பதே அன்று அதன் நோக்கமாயிருந்தது. பின்னர் 1891இல் அவரே சிறுவர்களுக்கெனத் தனியாக ரொறன்ரோ சிறுவர் உதவிச் சங்கத்தையும் தொடக்கினார். இத்தகைய காப்பகங்களில் பூனையைப் பொறுப்பேற்கும்போது செலுத்தும் தொகையில் கருத்தடைச் சத்திர சிகிச்சை, முதல் தடுப்பூசிகள், தோலின் கீழ் வைக்கும் அரிசிமணி அளவான அடையாளச் சில்லு ஆகியவை அடங்கியிருப்பது வழக்கம். "இலவசமாகக் கிடைக்கிறது" என்று அயலில் ஒரு குட்டியை வாங்கிவந்தால், இவை யாவற்றையும் நாமே தனித்தனியே செய்விக்க நேரும். அப்போது செலவு பல மடங்காகும். இலவசப் பூனையே விலை கூடிய பூனை என்று மாணவர் குறித்துக்கொண்டார்கள்.

காப்பகத்துக்குச் செலுத்துவது: 200 டொலர்
மணற் தட்டு, கொண்டுசெல்லும் கூடு, கிண்ணங்கள், பிறாண்டுவதற்குக் கம்பம்: 200 டொலர்
ஆக, வரவேற்புச் செலவு: 400 டொலர்

இரண்டாவது, ஆண்டுச் செலவு.

உணவு, மாதம் 60 டொலர் வீதம்: 720 டொலர்
மணல், மாதம் 25 டொலர் வீதம்: 300 டொலர்
விளையாட்டுப் பொருள்களும் சில்லறையும், மாதம் 5 டொலர் வீதம்: 60 டொலர்
வைத்தியரின் வருடாந்தப் பரிசோதனை, தடுப்பூசி, உண்ணி மருந்து: 300 டொலர்
மாநகர அனுமதிப் பத்திரம்: 15 டொலர்
விடுமுறையில் ஊருக்கோ லண்டனுக்கோ செல்லும்போது பார்ப்பவர்க்குக் கொடுக்க ஒதுக்குவது: 105 டொலர்
ஆக, ஆண்டுச் செலவு: 1,500 டொலர்

இவற்றுள் இரண்டு, சட்டம் விதிப்பவை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பூனைக்கும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி இட்டிருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. பூனைக்கு அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரின் விதி. கருத்தடை செய்யாத பூனைக்கு இக்கட்டணம் அதிகம்.

வீட்டுக்குள் வாழும் பூனைக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் எனக் கொண்டோம். இருபதைத் தொடுவனவும் உண்டு. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1967இல் பிறந்த கிறீம் பவ் என்னும் பூனை 2005 வரை, 38 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அதைக் கேட்டதும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். பதினைந்து ஆண்டுகளுக்கு 1,500 டொலர் வீதம் 22,500 டொலர் வருகின்றது.

மூன்றாவது, பலர் எழுத மறக்கும் பிரிவு. பூனையும் நோயுறும், முதுமையடையும், இறக்கும்.

பல் சுத்திகரிப்பு, மயக்க மருந்துடன், ஒரு தடவை: 1,000 டொலர்
எதிர்பாராத பெருநோய் அல்லது விபத்து, ஒரு தடவை: 3,000 டொலர்
கடைசி மூன்று ஆண்டுகளில் சிறுநீரகம் முதலிய நோய்களுக்கான சோதனை, மருந்து, பத்திய உணவு: 3,000 டொலர்
வலியின்றி விடைகொடுக்கும் ஊசியும் தகனமும்: 500 டொலர்
ஆக: 7,500 டொலர்

மூன்றையும் கூட்டினால் 30,400 டொலர். மாதத்துக்கு ஏறத்தாழ 169 டொலர். நாளொன்றுக்கு 5 டொலர் 55 சதம்.

விலைவாசி ஏறாது என்ற நினைப்பில் வந்த தொகை இது. 2022ஆம் ஆண்டில் மட்டும் கனடாவில் விலைவாசி சராசரியாக 6.8 வீதத்தால் உயர்ந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 3 வீதமே ஏறுவதாகக் கொண்டாலும், முதலாம் ஆண்டில் 1,500 டொலராக இருந்த செலவு பதினைந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 2,270 டொலராகிவிடும். பதினைந்து ஆண்டுகளின் கூட்டுத்தொகையும் 22,500 டொலரிலிருந்து ஏறத்தாழ 27,900 டொலராக உயரும். கூட்டுவட்டி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மேல்வகுப்பு மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம்.

உழைப்பால் அளந்தால்

டொலரில் சொன்னபோது பிள்ளைகளுக்கு அத்தொகை ஒரு பெரிய எண்ணாக மட்டுமே இருந்தது. ஆகவே அதை மணித்தியாலமாக மாற்றினோம். 2025 ஒக்ரோபர் முதலாம் திகதி தொடக்கம் ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த ஊதியம் மணிக்கு 17 டொலர் 60 சதம். 30,400 டொலரை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 1,727 மணித்தியாலம். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்பவர்க்கு இது 43 கிழமை உழைப்பு. வருமான வரி முதலிய கழிவுகளை இங்கு சேர்க்கவில்லை. இந்த வகுப்பிலே தந்தையர் பலர் இரவு வேலைக்குச் செல்பவர்கள். தாயார் இரண்டு இடங்களில் வேலை செய்யும் வீடுகளும் உண்டு. நாற்பத்து மூன்று கிழமை என்று நான் எழுதியதும் வகுப்பு அமைதியாயிற்று. அந்த நேரம் யாருடைய கால்களில் நின்று கழியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்போது கடிதம் எழுதிய அதே மாணவி, "என்னை வளர்க்க எவ்வளவு முடியும் சேர்?" என்று கேட்டாள்.

கணக்கு ஆசிரியனிடம் கேட்டால் எண் சொல்லத்தானே வேண்டும்? நடுத்தர வருமானமுள்ள இரு பெற்றோர் குடும்பத்தில் ஒரு பிள்ளையைப் பிறப்பிலிருந்து பதினேழு வயது வரை வளர்க்க ஏறத்தாழ 293,000 டொலர் செலவாகும் என்று கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அதை எழுதினேன். உடனே ஒரு மாணவன் வகுத்துப் பார்த்து, "கிட்டத்தட்டப் பத்துப் பூனை, சேர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா இந்தக் கணக்கைப் பார்த்தவவோ?" என்று கேட்டாள். எந்தத் தாயும் அந்தக் கணக்கைப் பார்த்துப் பிள்ளை பெறுவதில்லை என்றும், ஆனால் ஒவ்வொரு மாதமும் வாடகை கட்டும் நாளில் அதன் ஒரு பகுதியைப் பார்க்கின்றார் என்றும் சொன்னேன்.

வருமுன் காக்கும் பணம்

மூன்றாம் பிரிவாகிய 7,500 டொலரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில், பூனையின் உயிர் தங்கியிருப்பது அப்பிரிவிலேதான்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் கடுவன் பூனை உண்டு. 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் காப்பகமொன்றிலிருந்து பொறுப்பேற்றோம். அன்றே வங்கியில் ஒரு தனிக் கணக்கைத் திறந்து 1,000 டொலரை இட்டு, பின்னர் மாதந்தோறும் 50 டொலர் சேர்த்து வந்தோம். வரவையும் செலவையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் என் மனைவி எழுதி வருகின்றார். 2022 தை மாதத்தில் ஒரு நள்ளிரவு, பூனை மணற் தட்டில் மீண்டும் மீண்டும் சென்று குந்தி, சிறுநீர் கழிக்க இயலாமல் கத்தத் தொடங்கியது. கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் அடைபடுவதுண்டு. ஓரிரு நாளுக்குள் அடைப்பு நீக்கப்படாவிடில் இரத்தத்தில் நஞ்சு ஏறி இருதயம் நின்றுவிடும். இதைப் பூனை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

அவசர வைத்தியசாலையில் முதலில் ஒரு மதிப்பீட்டுத் தாளைத் தந்தார்கள். சிகிச்சையும் மூன்று நாள் தங்கலும் வரியுடன் 2,860 டொலர். அதன் கீழே இன்னுமொரு தெரிவும் இருந்தது. அது ஊசி போட்டு உயிரை அமைதியாக முடித்துவிடுவது. அதற்குச் சில நூறு டொலர்தான். நாற்பத்து மூன்று மாதங்களில் எங்கள் கணக்கில் 3,150 டொலர் சேர்ந்திருந்தது. முதலாவது வரியில் கையொப்பமிட்டோம். அதே வேளையில் அடுத்த கதிரையில் இருந்த ஒருவர், மடியில் பூனைக்கூட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தம் பூனை மீது எங்களைப் போன்றே அன்பிருந்தது. அவர் எந்த வரியில் கையொப்பமிட்டாரென்று அறியேன். அன்பு மட்டும் போதாத ஓர் இடம் உண்டு என்பதை அந்த அறையில் கண்டேன்.

ஆகவே பெற்றோருக்கு நான் கூறுவது, தொடக்கத்திலே 1,000 டொலரை ஒதுக்கி, மாதம் 37 டொலர் வீதம் இட்டுவந்தால் பதினைந்து ஆண்டுகளில் 7,500 டொலருக்குச் சற்று மேலாகவே சேரும். அந்தத் தொடக்கத் தொகை அவசியம். நோய் மூன்றாம் மாதத்திலும் வரலாம். அப்பணம் வேறாக இருக்கட்டும். சீட்டில் போட்டுக் கழிவு பார்க்க வேண்டாம். பூனையின் நோய் சீட்டு எடுக்கும் மாதம் வரை காத்திராது. மிருகக் காப்புறுதி எடுப்பது இன்னொரு வழி. அதிலே, முன்னரே இருந்த நோய்க்குப் பணம் தருவதில்லை; முதலில் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும்; மிகுதியிலும் ஒரு பங்குதான் கிடைப்பது வழக்கம்; பூனைக்கு வயதேற மாதக் கட்டணமும் ஏறும். பெரும்பாலும் வைத்தியருக்கு நாம் முழுவதையும் செலுத்திவிட்டுப் பின்னரே காப்புறுதியிடம் கேட்கவும் வேண்டும். பத்திரத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்க.

பதினைந்து ஆண்டு என்பது

பணத்தைப் போலவே காலத்தையும் கணக்கிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இன்று கேட்கும் பூனை, அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும் போதும் இருக்கும். அதற்குள் தமிழ்ப் பள்ளி முடியும்; உயர்தரப் பாடசாலை முடியும்; பிள்ளை வாட்டர்லூவுக்கோ ஒட்டாவாவுக்கோ படிக்கச் செல்லும். பூனையின் மணலை அப்போது யார் அள்ளுவது? அம்மாதான். ஆகவே இவ்வழக்கில் அம்மாவின் கையொப்பமும் வேண்டும்.

இதை நான் இத்துணை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் பதினைந்து வயது மாணவன். மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அடுக்களையிலே சோற்றுப் பானையை மூடாமல் பூனைக்கென வைத்தார். பூனை மதிலின்மேல் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வைகாசியில் திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. பசுவும் இல்லை, பூனையும் இல்லை. போர் வந்த இடத்திலே எந்த வரவு செலவுத் திட்டமும் செல்லுபடியாகாது. அதற்கு எவரையும் குறைகூற முடியாது.

ஆனால் இங்கே போர் இல்லை. இங்கே ஒரு பூனை காப்பகத்தின் கம்பிக்கூட்டுக்குத் திரும்பி வருகிறதென்றால், வீடு மாறியது, செலவு கட்டுப்படியாகவில்லை, பிள்ளைக்குத் தும்மல் வந்தது என்பன போன்ற காரணங்களே பெரிதும் சொல்லப்படுகின்றன. இவற்றுட் பலவற்றை முன்கூட்டியே விசாரித்திருக்கலாம். தும்மலுக்குக் காரணம் பூனையின் மயிரென்று நினைக்கிறோம். உண்மையில் அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதமே காரணம். எனவே பூனை உள்ள நண்பர் வீட்டில் சில மாலைப்பொழுதுகளைக் கழித்துப் பார்த்த பின் முடிவு செய்யலாம். வாடகை வீட்டைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, பிராணி வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அவ்வாசகம் செல்லாது. ஆயினும் கொண்டோமினியக் கட்டடங்களுக்குத் தம் விதிகள் உண்டு. அவற்றை முதலில் கேட்டறிக.

முழுத் தொகையும் இயலாது என்று காணும் குடும்பங்களுக்கும் வழிகள் உண்டு. எட்டு வயதான பூனையை ஏற்றால், அது பதினைந்து வரை வாழுமெனக் கொள்ளின், மொத்தச் செலவு ஏறத்தாழ 18,400 டொலர்தான். ஆனால் முதுமைச் செலவு விரைவில் வருவதால் மாதக் கணக்கு 219 டொலராகும் என்பதையும் காண்க. காப்பகப் பூனையைச் சில வாரங்கள் மட்டும் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தற்காலிக வளர்ப்புத் திட்டங்களும் உண்டு. விடுமுறையில் அயலவர் பூனையைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமெனின், மல்வேர்ன் நூலகத்தில் பூனை பற்றிய புத்தகங்களை இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை பூனை கேட்டால் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் வாயடைக்காது, ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அருகே அமருங்கள். உங்கள் வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஊரில் உள்ள அம்மம்மாவுக்கு அனுப்புவது எவ்வளவு என்பதை அவர்களும் அறியட்டும். நாம் பட்ட பாட்டைப் பிள்ளைகள் அறியவில்லையே என்று ஏங்குகின்றோம். அறியக் கொடுப்பதற்கு ஒரு பூனைக் கணக்கு நல்ல வாய்ப்பு. அதன் முடிவில் "ஓம்" என்றாலும் "இப்போது இல்லை" என்றாலும் அது இருவரும் கூடி எடுத்த முடிவாக இருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு தாளில் மூன்று விடைகளைத் தமிழில் எழுதுங்கள். ஒன்று, உங்கள் பூனைக்கு முதலாம் ஆண்டில் எவ்வளவு செலவாகும்? இரண்டு, அதில் உங்கள் கைவிசேடக் காசிலிருந்தும் பிறந்தநாள் காசிலிருந்தும் நீங்கள் தருவது எவ்வளவு? மூன்று, பனி கொட்டும் மாசி மாதத்து விடியற்காலையில், பள்ளிக்குப் போகுமுன் மணற் தட்டைச் சுத்தம் செய்வது யார்? மூன்றாவது விடையில் உங்கள் பெயரை மையால் எழுதுங்கள். அத்தாளை அம்மாவிடமும் அப்பாவிடமும் கொடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தர நான் வார இறுதி தோறும் வகுப்பில் இருப்பேன்.